ஒளி ஒடுங்கியதா, லேசர் அடிக்கிறதா? சாயக் கேவிட்டியில் அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

ஒன்றரை மைக்ரோமீட்டர் இடைவெளியில் எதிரெதிராக இரண்டு ஆடிகள். நடுவில் ஒரு துளி ரோடமின் 6ஜி சாயக் கரைசல். இதுதான் சாயக் கேவிட்டி. பக்கவாட்டில் சாய்வாக உள்ளே நுழையும் 532 நானோமீட்டர் பச்சை லேசர்தான் சாயத்தைக் கிளர்த்தும் பம்ப். பம்பின் திறனை ஏற்றிக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் மங்கலான மஞ்சள் மூட்டத்தின் நடுவே பளிச்சென்று ஒரு புள்ளி தோன்றும். 2010இல் ஜெர்மனியின் பான் பல்கலைக்கழகத்தில் யான் கிளேர்ஸ், யூலியான் ஷ்மிட், ஃபிராங்க் ஃபெவிங்கர், மார்ட்டின் வைட்ஸ் நால்வரும் அந்தப் புள்ளி ஃபோட்டான்களின் போஸ்-ஐன்ஸ்டைன் ஒடுக்கம், அதாவது அவை பெருமளவில் மிகத் தாழ்ந்த ஆற்றல் நிலையில் ஒன்றாகக் குவிவது, என்று நிறுவினார்கள்.

அதே அமைப்பில் ஏதோ ஒன்று சற்று விலகினாலும் அதே இடத்தில் அதே போன்ற புள்ளி வரும். ஆனால் அது சாதாரண லேசராக இருக்கும். பம்புக்கு எதிராக வெளியீட்டை வரைந்தால் இரண்டிலும் முறிவு தெரியும். நிறமாலைக் கோடு இரண்டிலும் குறுகும். இரண்டிலும் குறுக்கீட்டு வரிகள் தெளிவாக விழும். ஆகவே இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு ‘ஒடுக்கம் கிடைத்துவிட்டது’ என்று எழுதுவது தவறு. இதை அழுத்திச் சொல்கிறேன். இந்தத் துறைக்குப் புதிதாக வருகிறவர்கள் முதலில் நம்புவது அந்த முறிவைத்தான்.

கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: ஒளி எந்த மோடில் (கேவிட்டிக்குள் அடங்கும் ஒளி அலை வடிவங்களில் எதில்) குவிய வேண்டும் என்பதைத் தீர்மானித்தது எது? லேசரில் அதைத் தீர்மானிப்பது பெருக்கத்துக்கும் இழப்புக்கும் நடக்கும் போட்டி. எந்த மோடுக்குப் பெருக்கம் முதலில் இழப்பைத் தாண்டுகிறதோ அது வெல்லும். ஒடுக்கத்தில் தீர்மானிப்பது வெப்பநிலை. ஃபோட்டான் ஆடி வழியாகக் கசிந்து வெளியேறுவதற்குள் சாய மூலக்கூறுகளால் பலமுறை உறிஞ்சப்பட்டு, பலமுறை உமிழப்பட்டால், கரைசலின் 300 கெல்வின் அதன் மேல் ஏறிவிடும். பிறகு எண்ணிக்கை ஒரு எல்லையைத் தாண்டியதும் மிகுதி எல்லாம் ஆற்றல் மிகக் குறைந்த அடி மோடில் போய் விழும். ஒருமுறைகூட மறு உறிஞ்சல் நடக்காமல் வெளியேறினால் அது லேசர். இரண்டுக்கும் நடுவே சுவர் எதுவும் இல்லை. மறு உறிஞ்சல் வேகத்துக்கும் கேவிட்டி இழப்பு வேகத்துக்கும் உள்ள விகிதம் மாற மாற ஒன்று மற்றொன்றாக மாறுகிறது. கீழே வரும் ஒவ்வொரு அறிகுறியும் கடைசியில் இந்த விகிதத்தில்தான் போய் நிற்கும்.

முதலில் கையில் இருக்க வேண்டிய எண்கள்

ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அளவுகோல் வேண்டும். பான் அமைப்பையே எடுத்துக்கொள்வோம். ஆடிகளின் வளைவு ஆரம் 1 மீட்டர், இடைவெளி 1.46 மைக்ரோமீட்டர், நெட்டு மோடு எண் (ஆடிகளுக்கு நடுவே அடங்கும் அரை அலைகளின் எண்ணிக்கை) 7, கட்ஆஃப் அலைநீளம் 585 நானோமீட்டர். அதாவது கேவிட்டிக்குள் 2.1 எலக்ட்ரான் வோல்ட்டுக்குக் கீழே ஃபோட்டான் இருக்க முடியாது. அறை வெப்பநிலையின் வெப்ப ஆற்றல் 0.026 எலக்ட்ரான் வோல்ட்தான். எனவே வெப்பம் தானாக ஒரு ஃபோட்டானை உருவாக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது. கரும்பொருள் கதிர்வீச்சில் குளிர்ந்தால் ஃபோட்டான்கள் சுவருக்குள் மறைந்துவிடும். இங்கே எண்ணிக்கை நிலையாக நிற்கும். 1924இல் டாக்காவிலிருந்து சத்யேந்திரநாத் போஸ் ஃபோட்டான்களைக் கொண்டுதான் ஒடுக்கத்துக்கு அடிப்படையான புள்ளியியலையே எழுதினார். அப்படியிருந்தும் ஒளி ஒடுங்குவதைப் பார்க்க 86 ஆண்டுகள் ஆனதற்கு இந்த மறைந்துபோகும் குணமே முதன்மைக் காரணம்.

ஆடிகளின் வளைவு ஃபோட்டான்களை மையத்தை நோக்கி இழுக்கும் பொறியாக வேலை செய்கிறது. பொறியின் அதிர்வெண் 41 கிகாஹெர்ட்ஸ், ஃபோட்டானின் பயனுறு நிறை சுமார் 6.7 × 10⁻³⁶ கிலோகிராம். அடுத்தடுத்த குறுக்கு மோடுகளின் (ஆடியின் குறுக்கே வேறுபடும் ஒளி வடிவங்களின்) இடைவெளி 585 நானோமீட்டர் அருகே 0.05 நானோமீட்டருக்கும் குறைவு. ஒரு வெப்ப ஆற்றல் என்பது அதே இடத்தில் சுமார் 7 நானோமீட்டர். இந்த 7 நானோமீட்டரை மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள், அடிக்கடி தேவைப்படும்.

ஒடுக்கம் தொடங்கும் எல்லையான மாறுநிலை எண்ணிக்கைக்கான சூத்திரம் எளிது. வெப்ப ஆற்றலை மோடு இடைவெளி ஆற்றலால் வகுத்து, வர்க்கம் எடுத்து, பையின் வர்க்கத்தில் மூன்றில் ஒரு பங்கால் பெருக்க வேண்டும். மேலே சொன்ன எண்களுக்கு விடை சுமார் 77,000 ஃபோட்டான்.

அறிகுறி: புள்ளி வருகிறது, ஆனால் நிறமாலையில் கட்ஆஃப் இருக்கும் இடத்தில் இல்லை

இது லேசர். அல்லது லேசரை நோக்கி நகர்ந்துவிட்ட ஏதோ ஒன்று. ஒடுக்கத்தில் மிகுதி ஒளி தாழ்ந்த ஆற்றலுள்ள மோடில், அதாவது நீண்ட அலைநீள முனையில்தான் குவியும். நடுவில் எங்கோ ஒரு கோடு, அல்லது வரிசையாகச் சில கோடுகள் எழுந்தால், அங்கே பெருக்கம் அதிகமாக இருந்தது என்பதைத் தவிர வேறு பொருள் இல்லை.

முதலில் கட்ஆஃப் எங்கே இருக்கிறது என்பதையே உறுதி செய்யுங்கள். பம்பை மிகக் குறைத்து, நீண்ட நேரம் படம்பிடித்து, நிறமாலை செங்குத்தாக விழும் சிவப்பு ஓரத்தைக் குறியுங்கள். ஆடி 1 நானோமீட்டர் நகர்ந்தால் கட்ஆஃப் ஏறத்தாழ 0.4 நானோமீட்டர் நகர்ந்துவிடும். அது எட்டு மோடு இடைவெளிக்குச் சமம். காலையில் குறித்த கட்ஆஃபை வைத்து மாலையில் எடுத்த நிறமாலையைத் தீர்ப்பிட வேண்டாம். ஆடியின் இடத்தை மின்னழுத்தத்தால் தானாகத் திருத்தும் பீசோ பின்னூட்டம் இல்லாத அமைப்பில், ஒவ்வொரு அளவீட்டுக்கும் முன்னும் பின்னும் கட்ஆஃபைக் குறித்துக்கொள்வதே நல்லது.

கட்ஆஃப் சரிதான், ஆனாலும் கோடு விலகி நிற்கிறது என்றால், கட்ஆஃபையே நீலப் பக்கம் தள்ளிப் பாருங்கள். காரணம் கென்னர்ட்-ஸ்டெப்பனோவ் விதி. சாயத்தின் உறிஞ்சலுக்கும் உமிழ்வுக்கும் உள்ள விகிதம் ஆற்றலோடு போல்ட்ஸ்மேன் அடுக்காக ஏறுகிறது. ஒவ்வொரு 7 நானோமீட்டர் சிவப்புப் பக்கம் போகும்போதும் உறிஞ்சல், உமிழ்வோடு ஒப்பிட 2.7 மடங்கு குறைகிறது. 585இலிருந்து 610 நானோமீட்டருக்குப் போனால் ஏறத்தாழ முப்பது மடங்கு போய்விடும். ஆடியின் இழப்பு மாறவே இல்லை, சாயமும் மாறவில்லை. இடைவெளியை மட்டும் சற்று விரித்ததில் ஒடுக்கம் லேசராகிவிட்டது. இந்த ஒரு திருகுதான் என் கணிப்பில் மொத்த அமைப்பிலேயே மிக முக்கியமான கட்டுப்பாடு. வேறு எதைத் தொடுவதற்கு முன்பும் இதைத் தொட்டுப் பாருங்கள்.

எதிர்ப்பக்கமும் உண்டு. கட்ஆஃபை அளவுக்கு மீறி நீலப் பக்கம் தள்ளினால் மறு உறிஞ்சல் ஏராளமாகக் கிடைக்கும், ஆனால் ஒவ்வொரு உறிஞ்சலிலும் ஒரு சிறு பங்கு வெப்பமாகப் போகிறது. ரோடமின் 6ஜியின் ஒளிர்வுத் திறன் சுமார் 95 சதவீதம். இருபது முறை உறிஞ்சப்பட்ட ஃபோட்டான் தப்பிப் பிழைக்கும் வாய்ப்பு மூன்றில் ஒன்றுக்குச் சற்று மேல். எனவே தேவைப்படும் பம்ப் திறன் ஏறும், கரைசல் சூடாகும்.

அறிகுறி: நிறமாலையில் இரண்டு கட்ஆஃப் தெரிகிறது

கேவிட்டி நீளமாகிவிட்டது. நெட்டு மோடு எண் 7 ஆக இருக்கும்போது, 7ஆவது மோடு 585 நானோமீட்டரில் என்றால் 8ஆவது மோடு 512இலும் 6ஆவது மோடு 682இலும் விழும். சாயம் உமிழும் பகுதியில் ஒன்றுதான் மிஞ்சும், அதனால்தான் ஒளி இரு பரிமாண வாயுவாக நடக்கிறது. எண் 20 ஆகிவிட்டால் பக்கத்து மோடுகள் 557இலும் 616இலும் வந்து நிற்கும். அப்போது நீங்கள் பார்ப்பது வேறு ஒரு பொருள்.

இடைவெளியைக் குறைக்க முடியவில்லை என்று பலர் தவிப்பார்கள். அதற்குப் பெரும்பாலும் ஆடியின் வடிவமே காரணம். 1 மீட்டர் வளைவுள்ள, ஓர் அங்குல விட்டமுள்ள குழி ஆடியின் ஓரம் மையத்தைவிட 80 மைக்ரோமீட்டர் உயர்ந்து நிற்கும். அப்படி இரண்டை எதிரெதிராக வைத்தால் ஓரங்கள் முட்டிக்கொள்ளும். மையங்கள் 160 மைக்ரோமீட்டருக்கு மேல் நெருங்காது. ஒரு ஆடியை 1 மில்லிமீட்டர் விட்டத்துக்குச் செதுக்கிவிட்டால் அதன் ஓர உயரம் 0.13 மைக்ரோமீட்டராகச் சுருங்கிவிடும். பிறகு தடையாக இருப்பது தூசி மட்டுமே. செதுக்கிய ஆடியின் விளிம்பில் ஒட்டியிருக்கும் கண்ணாடித் துகள் ஒன்று போதும், இடைவெளி 3 மைக்ரோமீட்டரில் நின்றுவிடும். ஆடியை மீண்டும் சுத்தம் செய்யாமல் திருகை இறுக்கினால் பூச்சில் கீறல் விழும். அந்த இடம் பிறகு எப்போதும் இழப்பு மிகுந்த இடமாகவே இருக்கும்.

அறிகுறி: பம்பை நகர்த்தினால் புள்ளியும் கூடவே நகர்கிறது

மிகத் தெளிவான சோதனை இது. தனிக் கருவி எதுவும் வேண்டாம், கேமரா போதும். பொறியின் மையத்திலிருந்து பம்பைச் சுமார் 50 மைக்ரோமீட்டர் தள்ளி வையுங்கள். மறு உறிஞ்சல் போதுமான அளவு நடந்தால் ஒளி மையத்துக்குத் திரும்பி அங்கேதான் ஒடுங்கும். போதாவிட்டால் பம்ப் விழும் இடத்திலேயே மின்னும். பான் குழு தங்கள் முதல் கட்டுரையிலேயே இதைக் காட்டியது: கட்ஆஃப் நீலப் பக்கம் இருந்தபோது ஒளி மையத்துக்கு வந்தது, சிவப்புப் பக்கம் போனபோது பம்பை விட்டு அகலவில்லை.

சோதனைக்கு முன் மையத்தைத் தனியாகக் கண்டுபிடித்து வைத்திருக்க வேண்டும். இரு ஆடிகளுக்கு நடுவே ஒளி பாய்ச்சினால் நியூட்டன் வளையங்கள் தெரியும், அவற்றின் நடுதான் மையம். பம்பை வைத்து மையத்தைத் தீர்மானித்துவிட்டு, பிறகு பம்ப் மையத்தில்தான் இருக்கிறது என்று சொல்வதில் பயன் இல்லை.

நேரப் பகுப்பு கேமரா கையில் இருந்தால் இன்னும் அழகான காட்சி கிடைக்கும். மையம் விலகிய குறுகிய துடிப்பால் பம்ப் செய்யும்போது, தொடக்கத்தில் ஒளி ஒரு கட்டியாக மையத்தின் இருபுறமும் ஊசலாடுவதைப் பார்க்கலாம். பொறியின் 41 கிகாஹெர்ட்ஸுக்கு ஓர் அலைவு சுமார் 24 பிக்கோநொடி. அந்தக் கட்டத்தில் பல மோடுகள் கட்டம் ஒத்து ஓடுகின்றன, அது லேசர் நடத்தை. மறு உறிஞ்சல் நடக்க நடக்க ஊசலாட்டம் அடங்கி, ஒளி மையத்தில் நிலைக்கிறது. 2015இல் பான் குழு இதை அளந்து வெளியிட்டது. ஒரே துடிப்புக்குள் லேசராகத் தொடங்கி ஒடுக்கமாக முடியும் இந்த அளவீட்டைப் பார்த்த பிறகும் இரண்டையும் எதிரெதிர் அணியாக நிறுத்தி யாரும் வாதாட மாட்டார்கள். துடிப்பு முழுவதும் ஊசலாட்டம் அடங்கவே இல்லை என்றால், உங்கள் சாயத்துக்கு ஒளியைச் சமநிலைப்படுத்த நேரம் போதவில்லை.

அறிகுறி: நிறமாலையிலிருந்து எடுத்த வெப்பநிலை 300 கெல்வின் இல்லை

இங்கே நிதானம் வேண்டும். சமநிலை இல்லை என்று முடிவு கட்டும் முன் அளவீட்டுப் பிழைகள் மூன்றைக் களைந்தாக வேண்டும்.

முதலாவது, பொருத்தும் வளைவு. பலர் நிறமாலையின் நீல வாலை மடக்கை அச்சில் போட்டு, நேர்கோடு இழுத்து, சாய்விலிருந்து வெப்பநிலை எடுக்கிறார்கள். ஆனால் பொறிக்குள் மேலே போகப் போக ஒரே ஆற்றலில் உள்ள மோடுகளின் எண்ணிக்கை நேர்விகிதத்தில் கூடுகிறது. அதைச் சேர்க்காமல் இழுத்த கோடு, கட்ஆஃபிலிருந்து மூன்று வெப்ப ஆற்றல் தள்ளி, அதாவது 564 நானோமீட்டர் அருகே, 300 கெல்வின் வாயுவையே 450 கெல்வின் என்று காட்டும். அமைப்பு சரியாக இருக்கிறது, கணக்குதான் சூடாகிவிட்டது. மோடு எண்ணிக்கையைச் சேர்த்து முழு போஸ்-ஐன்ஸ்டைன் பரவலைப் பொருத்துங்கள். இதே காரணத்தால்தான், பம்ப் மிகக் குறைவாக இருக்கும்போது நிறமாலையின் உச்சி கட்ஆஃபில் இல்லாமல் 7 நானோமீட்டர் நீலப் பக்கம் நிற்கிறது. பம்ப் ஏற ஏற உச்சி சிவப்பு ஓரத்தை நோக்கி நகர்ந்து, மாறுநிலை அருகே அங்கே ஒட்டிக்கொள்ளும். அந்த நகர்வு தெரிந்தால் மகிழுங்கள், அது சமநிலையின் நல்ல அடையாளம்.

இரண்டாவது, ஒளி சேகரிக்கும் லென்ஸ். உயர்ந்த மோடுகளின் ஒளி அச்சிலிருந்து விலகி வெளியே வருகிறது. ஒரு வெப்ப ஆற்றல் உயரமுள்ள ஃபோட்டான் மையத்தைக் கடக்கும்போது வெளியேறினால் அதைப் பிடிக்க லென்ஸின் எண்ணியல் துளை (எவ்வளவு சாய்ந்து வரும் ஒளிவரை பிடிக்கும் என்ற அளவு) 0.2 வேண்டும். மூன்று வெப்ப ஆற்றலுக்கு ஏறத்தாழ 0.36 வேண்டும். 0.25 துளையுள்ள சாதாரண பொருளருகு லென்ஸை வைத்தால் வால் வெட்டுப்பட்டு, வாயு இருப்பதைவிடக் குளிர்ந்ததாகத் தெரியும். நிறமாலைமானியின் பிளவும் இதே வேலையைச் செய்யும். வெப்ப மேகத்தின் அரை உயர அகலம் 200 மைக்ரோமீட்டருக்கு மேல். பிளவு அதன் நடுப்பகுதியை மட்டும் எடுத்தால் உயர் மோடுகள் குறைவாகப் பதிவாகும்.

மூன்றாவது, ஆடியின் கசிவு எல்லா அலைநீளத்துக்கும் ஒன்றல்ல. உள்ளே இருக்கும் ஃபோட்டான் எண்ணிக்கை வேண்டுமென்றால், வெளியே அளந்ததை அந்தந்த அலைநீளத்தின் கசிவால் வகுக்க வேண்டும். விற்பனையாளர் தரும் கசிவு வரைபடம் லட்சத்தில் சில பங்கு என்ற அளவில் துல்லியமாக இருக்காது. சொந்தமாக அளந்துகொள்ளுங்கள்.

இந்த மூன்றும் சரி, இன்னும் வெப்பநிலை ஒத்துவரவில்லை என்றால், பம்ப் புள்ளியின் அளவைப் பாருங்கள். லண்டன் இம்பீரியல் கல்லூரியில் ராபர்ட் நைமன் குழு, பம்ப் புள்ளி சிறிதாக இருந்தால் வெப்ப மேகத்தின் அளவும் அதையொட்டி மாறுவதை 2015இல் காட்டியது. வெப்ப மேகத்தைவிடச் சிறிய பம்ப், ஓரத்தில் இருக்கும் மூலக்கூறுகளைக் கிளர்த்துவதில்லை. அங்கே உறிஞ்சல் மட்டுமே நடக்கும். பம்பை விரித்துப் பாருங்கள்.

அறிகுறி: தொடக்க வரம்பு கணக்கோடு ஒத்துப்போகவில்லை

கணக்கைவிட மிகக் குறைந்த எண்ணிக்கையிலேயே முறிவு வந்துவிட்டால், அது ஒடுக்கம் அல்ல என்பதற்கு வலுவான சான்று. லேசருக்கு மாறுநிலை எண்ணிக்கை என்று ஒன்று கிடையாது. ஒரு மோடில் பெருக்கம் இழப்பைத் தாண்டினால் போதும், மற்ற மோடுகளில் எத்தனை ஃபோட்டான் இருந்தாலும் அதற்குக் கவலை இல்லை. ஒடுக்கமோ, மேலே உள்ள மோடுகள் எல்லாம் நிரம்பித் ததும்பிய பிறகுதான் தொடங்கும்.

ஆனால் எண்ணிக்கையை அளப்பதில் தவறு செய்வது மிக எளிது. 77,000 ஃபோட்டான், ஒரு சுற்றுக்கு சுமார் 14 ஃபெம்டோநொடி, ஒவ்வொன்றிலும் 2.1 எலக்ட்ரான் வோல்ட்: உள்ளே சுற்றும் திறன் சுமார் 1.9 வாட். பான் குழு அளந்தது சுமார் 1.55 வாட், பிழை எல்லைக்குள் ஒத்துப்போகிறது. ஆடி லட்சத்தில் 2 பங்கு ஒளியை வெளியே விடுவதாக வைத்துக்கொண்டால், ஒரு பக்கம் வெளிவருவது துடிப்பின்போது 40 மைக்ரோவாட்டுக்குச் சற்றுக் குறைவு. பம்ப் அரை மைக்ரோநொடித் துடிப்பாக 8 மில்லிநொடிக்கு ஒருமுறைதான் வருகிறது. எனவே மெதுவான திறன்மானி காட்டும் சராசரி வெறும் இரண்டரை நானோவாட். அந்த இடத்தில் 532 நானோமீட்டர் சிதறல் சிறிது கசிந்தாலும் எண்ணிக்கை முழுவதும் பொய்யாகிவிடும். நீள்அலை வடிகட்டி ஒன்று போதாது, இரண்டை அடுத்தடுத்து வையுங்கள். பிறகு சாயமில்லாத கரைப்பானை ஊற்றி, அதே பம்பில் அளவைப் பாருங்கள். சுழியம் வர வேண்டும்.

வரம்பு கணக்கைவிட மிக உயரத்தில் இருந்தால் விஷயம் பெரும்பாலும் இழப்பு. பூச்சில் கீறல், கரைசலில் தூசி, வெளுத்த சாயம், செறிவு மிகுந்து மூலக்கூறுகள் ஜோடி சேர்ந்து ஒளிர்வை அணைப்பது. கடைசியாகச் சொன்னது தண்ணீரில் கரைத்தால் அதிகம் வரும். மெத்தனால், எத்திலீன் கிளைக்கால் இரண்டிலும் குறைவு. லிட்டருக்கு ஒன்று முதல் இரண்டு மில்லிமோல் செறிவில் தொடங்குங்கள்.

முறிவே கூர்மையாக இல்லாமல் வழவழவென்று வளைந்தால் உடனே குறை சொல்ல வேண்டாம். வளைவு ஆரம் மிகச் சிறிய ஆடிகளில் பொறி இறுக்கமாகி, மாறுநிலை எண்ணிக்கை சரிந்துவிடும். இம்பீரியல் குழு 2018இல் பத்துக்கும் குறைவான ஃபோட்டான்களில் ஒடுக்கத்தைக் காட்டியது. அவ்வளவு சிறிய அமைப்பில் முறிவு மழுங்கித்தான் இருக்கும்.

அறிகுறி: பம்பைக் கூட்டக் கூட்ட புதிய கோடுகள் முளைக்கின்றன, அடி மோடு மங்குகிறது

கிளர்ந்த மூலக்கூறுகள் இடத்துக்கு இடம் வேறுபட்ட அளவில் இருப்பதே காரணம். அடி மோடு மையத்தில் சுமார் 13 மைக்ரோமீட்டர் அகலத்தில் இருந்துகொண்டு, அங்கே உள்ள கிளர்ச்சியை உண்டுவிடுகிறது. சுற்றியுள்ள வளையத்தில் கிளர்ச்சி சேர்ந்துகொண்டே போகிறது. வளையத்தில் வலுவாக இருக்கும் உயர் மோடுகளுக்கு அது தீனி. பம்பைக் கூட்டினால் அடி மோடு ஒடுக்கத்தையே இழக்கவும் கூடும் என்று இம்பீரியல் குழுவின் 2018 கோட்பாட்டு ஆய்வு சொல்கிறது. பம்பைக் குறையுங்கள், கட்ஆஃபை நீலப் பக்கம் இரண்டு மூன்று நானோமீட்டர் தள்ளுங்கள். கூடுதல் பம்ப் கூடுதல் ஒடுக்கத்தைத் தரும் என்ற எண்ணத்தை இந்த அமைப்பில் விட்டுவிட வேண்டும்.

அறிகுறி: வரம்புக்கு மேலும் ஒளி கொந்தளிக்கிறது

ஒளியை இரண்டு உணரிகளுக்குப் பிரித்துத் தரும் ஹான்பரி பிரவுன்-ட்விஸ் அமைப்பில் இரண்டாம் வரிசைத் தொடர்பை, அதாவது ஒளியின் கொந்தளிப்பின் அளவை, அளந்தால், லேசர் வரம்பைத் தாண்டியதும் 1க்கு வந்துவிடும் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. சாயக் கேவிட்டியில் வரம்புக்கு நன்கு மேலேயும் 1க்கு மேலான மதிப்பு வந்தால் பலர் பதறி, அலைன்மென்ட்டைக் கலைத்துவிடுகிறார்கள். கலைக்க வேண்டாம். உங்களுக்குக் கிடைத்திருப்பது ஒடுக்கத்துக்கு ஆதரவான சான்றாக இருக்கலாம்.

சாய மூலக்கூறுகள் வெப்பத்தை மட்டும் தருவதில்லை, ஃபோட்டான்களையும் வாங்கிக் கொடுக்கின்றன. ஏரிக்குப் பக்கத்தில் வாய்க்காலால் இணைந்த குட்டையில் தண்ணீர் ஏறி இறங்கினாலும் ஏரி மட்டம் அசையாது. மூலக்கூறுக் கூட்டம் அந்த ஏரி. ஒடுங்கிய ஃபோட்டான் எண்ணிக்கையின் வர்க்கம் பயனுறு மூலக்கூறு எண்ணிக்கையைவிடக் குறைவாக இருக்கும்வரை, ஒடுக்கத்தின் எண்ணிக்கை அதன் சராசரி அளவுக்கே ஏறி இறங்கலாம், தொடர்பு 2 வரை போகலாம். பான் குழு 2014இல் இதை அளந்தது.

சரிபார்க்கும் முறை: பம்பைக் கூட்டி ஒடுக்கத்தின் பங்கை உயர்த்துங்கள். மதிப்பு படிப்படியாக 1ஐ நோக்கி இறங்க வேண்டும். அதே பங்கில் சாயச் செறிவைக் கூட்டினால் மீண்டும் ஏற வேண்டும். இரண்டும் நடந்தால் அது மூலக்கூறுத் தேக்கத்தின் வேலை. இரண்டாவது நடக்கவில்லை என்றால் பம்ப் லேசரின் இரைச்சலைப் பாருங்கள்.

மாறாக, மதிப்பு எப்போதும் 1 என்றே வந்தால் அதையும் உடனே நம்ப வேண்டாம். தொலைப்புலத்தில் ஒரு துளைத்தட்டு வைத்து அடி மோடை மட்டும் பிரித்தீர்களா? துருவமுனைப்பி வைத்தீர்களா? பல மோடுகளும் இரு துருவமுனைப்புகளும் கலந்தால் கொந்தளிப்பு சராசரியாகி மறைந்துவிடும். உணரியின் நேர நுணுக்கம் நானோநொடியைவிட மோசமாக இருந்தாலும் இதேதான்.

அறிகுறி: புள்ளி ஊதிப் பெருக்கிறது, அல்லது துடிப்பின் நடுவே மங்குகிறது

ஊதுவது பெரும்பாலும் வெப்பத்தால். மையத்தில் கரைசல் சூடாகி ஒளிவிலகல் எண் குறைகிறது. அங்கே ஒளிப்பாதை சுருங்கி, ஃபோட்டானின் ஆற்றல் சற்று ஏறுகிறது. ஃபோட்டான்கள் ஒன்றையொன்று தள்ளுவது போன்ற விளைவு. அளவில் இது மிகச் சிறிது, பான் அமைப்பில் பரிமாணமற்ற மதிப்பு சுமார் 7 × 10⁻⁴. துடிப்புகளின் இடைவெளியைக் கூட்டிப் பார்த்தால், முந்தைய துடிப்புகளின் சூடு சேர்வதால் வந்த வீக்கம் குறையும்.

துடிப்புக்குள்ளேயே மங்கினால் காரணம் டிரிப்லெட் நிலை, அதாவது சாய மூலக்கூறு எளிதில் ஒளி உமிழ முடியாத கிளர்ந்த நிலை. கிளர்ந்த மூலக்கூறுகளில் ஒரு சிறு பங்கு அந்த நிலைக்கு நழுவி, மைக்ரோநொடிக் கணக்கில் அங்கேயே தங்கி, ஒளியை உறிஞ்சிக்கொண்டிருக்கும். துடிப்பை அரை மைக்ரோநொடிக்குக் குறையுங்கள். துடிப்புக்குத் துடிப்பு சிறிது சிறிதாக மங்கி, கரைசலை மாற்றினால் சரியானால், அது சாயம் வெளுப்பது. வேறு மருந்து கிடையாது, புதுத் துளி வையுங்கள்.

சாயம் இல்லாத கேவிட்டியில்

இப்போது குறைக்கடத்திச் சில்லுகளிலும் இதே கேள்வி வந்துவிட்டது. போலந்தின் விரோட்ஸ்வாஃபில் செங்குத்துக் கேவிட்டி லேசர் ஒன்றில், லேசர் என்றே தயாரிக்கப்பட்ட சில்லில், ஒடுக்கத்தைப் பார்த்து 2024இல் வெளியிட்டார்கள். கேவிட்டியின் ஆற்றலும் பெருக்கத்தின் உச்சியும் சற்றே விலகிய சில்லில் ஒளி அடி மோடில் ஒடுங்கியது. அந்த விலக்கம் எதிர்த்திசையில் இன்னும் அதிகமான வேறொரு சில்லில் உயர் மோடுகளில் லேசர் அடித்தது. சாயத்தில் கட்ஆஃபைத் திருகிப் பார்ப்பதற்குச் சமமானது இங்கே இந்த விலக்கம். சில்லைச் செய்த பிறகு இடைவெளியைத் திருக முடியாது. ஒரே தகட்டில் வேறு வேறு விலக்கமுள்ள சில்லுகளை எடுத்தோ, சில்லின் வெப்பநிலையை மாற்றியோ தேடுங்கள்.

அங்கே ஓர் எச்சரிக்கை. விரோட்ஸ்வாஃப் அளவீட்டில், நிறமாலையிலிருந்து எடுத்த வெப்பநிலை சில்லின் வெப்பநிலையைவிடக் குறைவாகவே வந்தது. ஒளி தொடர்ந்து ஊட்டப்பட்டு, தொடர்ந்து கசிந்துகொண்டிருப்பதன் விளைவு என்று அவர்கள் விளக்கினார்கள். ஆகவே சில்லில் வெப்பநிலை ஒத்துப்போகவில்லை என்பதை மட்டும் வைத்து லேசர் என்று ஒதுக்க வேண்டாம். அடி மோடில்தான் குவிகிறதா, எண்ணிக்கை இரு பரிமாண போஸ் வாயுவின் நிலைச் சமன்பாட்டைப் பின்பற்றுகிறதா என்று இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்.